ஆற்றங்கரைக் காவல் – 17: அழைத்தால் வரும் காக்கி

சென்ற இதழில் தலையாரியின் கைத்தடியோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தடி இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்க்க, ஆடிப் பதினெட்டு அன்று திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தால் போதும்.

கல்லணையில் பிரிந்து கிழக்கே வரும் காவிரி, இந்த ஊரை ஒட்டித்தான் குடமுருட்டியைத் தனியே பிரித்து விடுகிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்ட ஆண்டென்றால் படித்துறையில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, முளைப்பாரி என்று படியெல்லாம் நிறைந்திருக்கும். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றோடு விட வருவார்கள். கடைசிப் படிக்குக் கீழே இழுவை அதிகம். அங்கே குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, “கயித்தைத் தாண்டாதீங்கம்மா, பிள்ளையைக் கையில புடிங்க” என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டு நிற்கிறார் ஒரு காக்கிச் சட்டைக்காரர். வருகிறவர்களுக்கு அவர் போலீஸ்காரர். தோள்பட்டை எழுத்தைக் கூர்ந்து படிப்பவருக்குத்தான் தெரியும், அவர் ஊர்க்காவல் படை. மறுநாள் காலை சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வாழைக்கொல்லைக்கோ, மளிகைக் கடைக்கோ, பட்டறைக்கோ போய்விடுவார்.

இப்படிப் பாதி நாள் குடியானவராகவும் பாதி நாள் காவலராகவும் இருக்கும் மனிதர் காவிரிக் கரைக்குப் புதியவர் அல்ல. ஆயிரம் ஆண்டாக வேறு வேறு பெயரில் இருந்து வருகிறார். அவரைச் சுற்றி இரண்டு கேள்விகளும் கூடவே வருகின்றன. காவலுக்குக் கூலி யார் கொடுப்பது? காவல்காரர் யாருக்குப் பதில் சொல்வது?

களத்துமேட்டுக் கூலி

சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற சொல் அடிக்கடி வரும். ஊரைக் காப்பதற்கான உரிமையும் அதற்காக ஊரார் செலுத்திய வரியும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். பிற்காலத்தில் அந்த வேலை தலையாரியிடம் வந்தது. அறுவடைக் களத்தில் பொலி தூற்றி நெல்லைக் குவித்ததும், ஊர்ப் பணியாளர்களுக்கு உரிய ‘மேரை’ அந்தக் குவியலிலிருந்தே அளக்கப்பட்டது. தலையாரிக்கும் அதில் பங்கு உண்டு. பழைய வருவாய்த் தாள்கள் இத்தகைய பரம்பரை உரிமையைச் ‘சுதந்திரம்’ என்று எழுதின. இன்று விடுதலை என்று பொருள்படும் சொல், அன்று களத்துமேட்டில் மரக்காலில் அளந்து போடும் கூலி நெல்லாக இருந்தது.

கூலி ஊரிடமிருந்து வந்ததால் பதில் சொல்ல வேண்டியதும் ஊருக்கே. மாடு காணாமல் போனால், களத்து நெல் குறைந்தால், தலையாரியைத்தான் கேட்பார்கள். ஏற்பாட்டில் நியாயமும் இருந்தது, ஓட்டையும் இருந்தது. நிலமும் செல்வாக்கும் உள்ளவர் சொல்வதே ஊர் சொல்வதாகிவிடும். சேரிக்காரனின் முறையீட்டுக்கு அந்தக் காவலில் இடம் குறைவு.

1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1816ஆம் ஆண்டின் 11ஆவது ஒழுங்குமுறை, ஊர்க் காவலைக் கிராம முன்சீப்பின் கீழும் அவருக்கு மேலே தாசில்தாரின் கீழும் வைத்தது. வரி வசூலிக்கிறவரே போலீஸ் அதிகாரியும் ஆனார். விளைவு என்ன என்பதை 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. விரல்களை இரண்டு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ என்று தமிழ்ப் பெயர்களோடு அந்தக் கொடுமைகள் ஆங்கில அறிக்கையில் ஏறின. வேலியே பயிரை மேய்ந்த கதை அது. அறிக்கை வெளிவந்த நான்காம் ஆண்டில், 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் வந்தது. வரி வசூலிலிருந்து போலீஸ் பிரிந்தது. மாதச் சம்பளம், சீருடை, மேலதிகாரி என்ற முழுநேரப் போலீஸ் பிறந்தது.

தலையாரி மட்டும் ஊரிலேயே தங்கினார். ஸ்டேஷனுக்கும் கிராமத்துக்கும் நடுவே செய்தி சுமந்தார்.

கரை உடையும் இரவில்

டெல்டாவில் திருடனைவிடப் பெரிய பயம் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் ஆறு கரை தொட்டு ஓடும்போது ஊர் தூங்காது. அரிக்கன் விளக்கோடு ஆட்கள் கரையில் நடப்பார்கள். எங்காவது கசிவு தெரிந்தால் வைக்கோலும் மூங்கிலும் மண்ணும் சுமந்து ஓடுவார்கள். இது ஊராரே விரும்பிச் செய்த காவல் என்று எண்ணத் தோன்றும். சட்டப் புத்தகம் வேறு கதை சொல்கிறது.

1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், அந்தப் பக்கத்தில் உள்ள உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை அது அரசு அலுவலர்களுக்கு அளித்தது. மறுத்தால் தண்டனை. யாரை அழைக்கலாம் என்பதில் ஒரு வரம்பு இருந்தது: ‘உழைக்கும் வகுப்பினர்’. வெள்ளம் வந்தால் மூழ்குவது மிராசுதாரரின் நூறு மாவும் பண்ணையாளின் குடிசையும் சேர்த்துத்தான். ஆனால் சட்டம் கரைக்கு இழுத்துவந்தது பண்ணையாளை மட்டுமே.

தொண்டர் படை என்ற யோசனையின் பெருமை இந்த இடத்தில்தான் விளங்கும். கட்டாயம் இல்லை, வகுப்பு வரம்பு இல்லை. ஆசிரியரும் வரலாம், விவசாயக் கூலியும் வரலாம், இருவருக்கும் ஒரே சீருடை, ஒரே வரிசை.

பம்பாயில் ஒரு டிசம்பர்

பகுதிநேரப் படைவீரர் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் வலுத்தது. இந்தியரைப் படையில் அதிகாரிகளாக ஆக்க வேண்டும், அவர்களுக்கு இங்கேயே பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று 1921இல் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானங்கள் கொண்டுவந்து வாதாடியவர் சர் பி. எஸ். சிவசாமி ஐயர். தஞ்சை மண்ணில் பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி இன்றும் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிறது. தற்காப்பு என்பது அந்நிய அரசு வழங்கும் சலுகை அல்ல, குடிமக்கள் தாமே கற்க வேண்டிய வித்தை என்பது அந்த வாதத்தின் உட்பொருள்.

1940 மே 14 அன்று, ஜெர்மானியப் படை பிரான்ஸை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது, பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் அந்தோணி ஈடன் வானொலியில் தொண்டர்களை அழைத்தார். இரண்டு மாதத்தில் அந்தப் படைக்கு ‘ஹோம் கார்டு’ என்று பெயர் மாறியது. ஆறு ஆண்டு கழித்து, 1946 டிசம்பர் 6இல், மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்த பம்பாய் மாகாணத்தில் அதே பெயரில் ஒரு படை எழுந்தது. அங்கே எதிரி வெளிநாட்டான் அல்ல. மதக் கலவரம் தெருத்தெருவாக எரிந்தது. தெருவைத் தெருவார் காக்க ஒரு படை தேவைப்பட்டது. அதே 1946இல்தான், போரில் சிதைந்திருந்த சிங்கப்பூரிலும் தொண்டர் சிறப்புக் காவல் படை அமைந்தது. பகலில் அலுவலகம், மாலையில் ரோந்து என்ற அந்த முறை இன்றும் அங்கே நடக்கிறது.

இந்தியாவில் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான முறை வரச் சீனப் போர் வேண்டியிருந்தது. 1962 அக்டோபரில் எல்லையில் குண்டு வெடித்தபோது, மாநிலத்துக்கு ஒரு பெயரில் இருந்த தொண்டர் படைகளை ஒரே வடிவில் ஊர்க்காவல் படையாக்கும்படி மத்திய அரசு கேட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலம் 1963இல் தனக்கென ஊர்க்காவல் படைச் சட்டம் இயற்றியது. பம்பாயின் டிசம்பர் 6 நாடெங்கும் படையின் நிறுவன நாளாயிற்று. நாடு முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 5,73,793 பேர்.

சட்டத்தின் நுட்பம் ‘அழைப்பு’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அழைக்கப்பட்டுப் பணியில் நிற்கும் நேரத்தில் ஊர்க்காவல் படையாளுக்குப் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. அழைப்பு முடிந்ததும் அவர் நம்மைப் போல் ஒருவர். படையை விட்டு நீங்கினால் நியமனச் சான்றிதழையும் சீருடையையும் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆகவே அந்தக் காக்கிக்கு நேரக் கணக்கு உண்டு. பணி முடிந்தபின் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் அதட்ட முடியாது.

நாற்பத்தைந்து காலைகள்

ஆள் சேர்ப்பு அறிவிப்பு வரும்போது ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, “சம்பளம் எவ்வளவு?” சம்பளம் கிடையாது, அழைத்த நாளுக்குப் படி மட்டுமே என்றதும் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். மீதிப் பேர் விண்ணப்பம் வாங்குவார்கள். வயது பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், உடல் திடமாக இருக்க வேண்டும், குற்ற வழக்கு இருக்கக் கூடாது, கட்சிக் கொடி பிடிக்கிறவராக இருக்கக் கூடாது. ஆண்களும் பெண்களும் வரலாம்.

பயிற்சி பொதுவாக 45 நாள். தஞ்சாவூர் ஆயுதப்படை மைதானம் போன்ற இடத்தில் காலையில் கவாத்து. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து போகிறவர் இருட்டோடு எழுந்து முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் அவரவர் பிழைப்புக்குத் திரும்பியாக வேண்டும்.

முதல் வாரம் முழுக்க நேராக நிற்பதிலும் திரும்புவதிலும் கழியும். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற இந்திக் கட்டளைகள் வாயில் நுழையாமல் சிரிப்பை மூட்டும். இதற்கும் கூட்டத்தைக் காப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. நெரிசலில் பத்துப் பேர் ஒரே குரலுக்கு ஒரே பக்கம் நகர்ந்தால்தான் வழி திறக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினால் காக்க வந்தவர்களே நெரிசலாகிவிடுவார்கள். 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஐம்பது பேரளவில் நெரிசலில் மாண்டது இந்த மாவட்டத்தாருக்கு மறக்கும் செய்தியல்ல. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒன்றை ஒன்று முட்டக் கூடாது, கயிற்றைக் கூட்டம் அழுத்துவதற்கு முன்பே கட்ட வேண்டும், விழுந்தவரைத் தூக்குமுன் பின்னால் வருகிறவரை நிறுத்த வேண்டும் என்பவை கவாத்தோடு சேர்ந்து வரும் பாடங்கள்.

அடுத்தது லத்தி. எங்கே அடிக்கலாம் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பதே பாடத்தில் முக்கியம். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கவும் பிடிக்கவும் சொல்லித்தருவார்கள். தினசரிப் பணியில் கைக்கு வருவதோ விசிலும் லத்தியும்தான். போக்குவரத்துக்குக் கைச் சைகை கற்க வேண்டும். கையைப் பாதி தூக்கினால் லாரி ஓட்டுநருக்குக் குழப்பம், முழுதாக நீட்டினால்தான் நிற்பார்.

முதலுதவியில் இரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவது, எலும்பு முறிந்த காலை மூங்கில் பட்டையோடு சேர்த்துக் கட்டுவது, தண்ணீரில் மூழ்கியவரின் மூச்சைப் பார்த்து மார்பை அழுத்துவது. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றும் வழக்கம் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் சாகவில்லை. அது பயனற்றது, உயிர் மீட்கும் நேரம் அதில் வீணாகும். தீயணைப்புப் பாடத்தில் எண்ணெய்த் தீக்கும் மின்சாரத் தீக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது முதல் விதி. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்து 48 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுப் பந்தல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

பணி, படி

பயிற்சி முடிந்ததும் பெயர் கம்பெனிப் பட்டியலில் ஏறும். மேலே வட்டாரத் தளபதி. அவரும் சம்பளமில்லாத கௌரவப் பதவிக்காரர், பெரும்பாலும் ஊரில் மதிப்புள்ள தொழில் செய்பவர். எல்லாருக்கும் மேலே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

பணி என்னவோ பஞ்சாங்கத்தைப் பார்த்தே வரும். தை மாதத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. ஆடியில் படித்துறைகள். செப்டம்பரில் பூண்டி மாதா திருவிழா. திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போகும் வேளாங்கண்ணி நடைப்பயணிகளை இரவு லாரிகளிடமிருந்து காப்பதும் அப்போதைய வேலை. நடுவே தேர்தல் வரும். பக்கத்து மாநிலத் தேர்தலுக்கும் பேருந்து ஏறிப் போவதுண்டு. சாதாரண நாட்களில் போலீஸ்காரருடன் சேர்ந்து இரவு ரோந்து, சந்திப்பில் போக்குவரத்து. 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலை, 2018 நவம்பர் 16 கஜா புயல் போன்ற நாட்கள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருப்பதில்லை. மரம் விழுந்த சாலையில் முதலில் அரிவாளோடு நிற்க வேண்டியவர் உள்ளூர்க்காரர்தான். எந்தச் சந்தில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கூலிக் கேள்விக்கு வருவோம். ஊர்க்காவல் படையினர் தங்களை நிரந்தரமாக்கக் கேட்டுத் தொடர்ந்த வழக்கில், 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தொண்டர் படை, நிரந்தர வேலை கேட்க முடியாது என்றது. ஆனால் ஒரு மாதம் முழுக்கப் பணி செய்தால் போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகும்படி நாட்படி கொடு என்றும் சொன்னது. அதன்பின் தமிழ்நாட்டில் நாட்படி 560 ரூபாய் ஆனது. படி உயர்ந்தது, நாட்கள் சுருங்கின. மாதத்துக்கு ஐந்து நாள் அழைப்பு என்ற ஏற்பாட்டில் கைக்கு வந்தது 2,800 ரூபாய். தொண்டுக்குக் கூலி கேட்கலாமா என்பார்கள் சிலர். அந்த நாளில் இழந்த வேலையின் கூலியை யார் கொடுப்பது என்பதே படையாளின் வீட்டில் எழும் கேள்வி.

காக்கி இல்லாத நண்பர்கள்

பதில் சொல்லும் பொறுப்பு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1993இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மக்களும் போலீஸும் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சாமல் பழக வேண்டும் என்பது நோக்கம். யோசனை நல்லது. மாநிலம் முழுக்கப் பரவியது, வெளிநாட்டு விருதும் பெற்றது. ஆனால் ஊர்க்காவல் படைக்கு இருப்பது போன்ற தனிச் சட்டம் அதற்கு இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த இயக்கத்தாருக்கும் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு இயக்கத்தைத் தடை செய்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது ஒன்பது காவல் துறையினர் மீது. இருந்தாலும், ஸ்டேஷனுக்குள் சீருடையும் பதவிப் பெயரும் இல்லாமல் ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை தேட முடியாது என்பதை நாடு அன்று உணர்ந்தது.

தொலைவில் இன்னொரு பாடம். சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். மாதம் 3,000 ரூபாய், இரண்டு மாதப் பயிற்சி. 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. போலீஸ் செய்ய வேண்டிய ஆபத்தான வேலையை மலிவான ஆளின் தலையில் கட்டுவது தொண்டு ஆகாது.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், 1963 சட்டம் ஊர்க்காவல் படையாளுக்கு இட்ட எல்லைகள் அவரைச் சிறுமைப்படுத்துபவை அல்ல. அழைப்பு உண்டா, பெயர் பட்டியலில் உண்டா, சீருடை உண்டா, மேலே பதில் சொல்ல ஆள் உண்டா என்று எவரும் கேட்கலாம். கேட்க முடிவதால்தான் படித்துறையில் அவர் சொல்லுக்கு மதிப்பு.

தலையாரி காலத்தில் ஊர் கூலியைக் கொடுத்தது, பதிலைப் பலமுள்ளவரே கேட்டார். இன்றோ பதிலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கூலிதான் பாதியில் நிற்கிறது. களத்துமேட்டில் குவியலைப் பங்கிடும் முன் காவல்காரனுக்கு அளந்து போட்ட மண் இது. படியையும் அழைப்பு நாட்களையும் கூட்டுவது அரசின் வேலை. ஆடிப் பதினெட்டுக்கு வருகிற நாம் செய்யக் கூடியது எளிது: அவர் கட்டிய கயிற்றைத் தாண்டாமல் நிற்பது.

(தொடரும்)

*அடுத்த இதழில்: 1980 நவம்பர் – கர்ணமும் மணியமும் கணக்குப் புத்தகத்தை ஒப்படைத்த நாள்.*